அட்டையில் அச்சிட்டது சட்டமாகாது

ஒரு புத்தகம் கடைக்கு வர மூன்று நான்கு மாதம் இருக்கும்போதே அதன் இன்னொரு வடிவம் அமெரிக்காவில் கைகள் மாறத் தொடங்கிவிடும். மெல்லிய அட்டை. பின்பக்கத்தில் வெளியீட்டு நாளும் விலையும் விளம்பரத் திட்டமும். உள்ளே பிழை திருத்தி முடியாத பக்கங்கள். முன்னட்டையில் ஒரு பட்டை: ‘திருத்தப்படாத மெய்ப்பு. விற்பனைக்கு அல்ல.’ மதிப்புரை எழுதுகிறவர்கள், புத்தகக் கடைக்காரர்கள், நூலகர்கள் என்று பலருக்கும் பதிப்பகங்கள் இதை இலவசமாக அனுப்புகின்றன. பெற்றவர் படிக்கிறார். சிலர் எழுதுகிறார்கள், சிலர் எழுதுவதில்லை. வீட்டில் இடம் இல்லாமல் போகும் நாளில் ஒரு கட்டு பழைய புத்தகக் கடைக்குப் போகிறது.

அந்தக் கட்டை எடுத்துச் செல்பவரைத் திருடர் என்று சொல்வதுதான் அங்கே பெருவழக்கு. எழுத்தாளர்கள் மனம் நொந்து சொல்கிறார்கள். பதிப்பகங்களின் விளம்பரப் பிரிவில் இருப்பவர்கள் அதட்டிச் சொல்கிறார்கள். வாசகர்களே ஒருவரையொருவர் கண்டித்துக்கொள்கிறார்கள். ‘அட்டையிலேயே போட்டிருக்கிறதே, இது சட்டவிரோதம்’ என்பது இவர்கள் எல்லாருக்கும் பொதுவான வாக்கியம். இதைக் கேட்டு அஞ்சி, நூலக நிதிக்காக நடத்தும் பழைய புத்தக விற்பனையில் இந்தப் பிரதிகளை வைக்கலாமா என்று கலங்கும் நூலகர்கள் உண்டு. அட்டையைக் கிழித்துக் குப்பையில் போடுவதே நேர்மையான வழி என்று அறிவுரை சொல்பவர்களும் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் ஒரு புத்தகத்தைக் கிழிப்பது நேர்மை, அதைப் படிக்க விரும்பும் ஒருவரிடம் சேர்ப்பது குற்றம் என்ற இடத்துக்கு ஒரு கருத்து நம்மைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதை அடியிலிருந்து கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்காமல் அனுப்பி, திரும்பக் கேட்காத காகிதப் பிரதி, அதைப் பெற்றவரின் சொத்து. அவர் அதை விற்கலாம். அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் விற்கலாம்.

அட்டையில் ஒரு வரியை அச்சிட்டு வாங்குபவரின் கையைக் கட்டும் முயற்சி புதிதல்ல. 1904இல் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஹாலி எர்மினி ரைவ்ஸ் எழுதிய ‘தி காஸ்ட்அவே’ என்ற நாவலை வெளியிட்டது. பதிப்புரிமை அறிவிப்புக்கு நேர் கீழே ஓர் எச்சரிக்கை இருந்தது: சில்லறை விலை ஒரு டாலர், அதற்குக் குறைத்து விற்க எந்த வியாபாரிக்கும் உரிமம் இல்லை, குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறலாகக் கொள்ளப்படும். நியூயார்க்கின் மேசிஸ் பேரங்காடியை நடத்திய ஸ்ட்ராஸ் சகோதரர்கள் அந்த வரியைப் படித்தார்கள். படித்த பிறகும் 89 சென்ட்டுக்கு விற்றார்கள். பதிப்பகம் வழக்குப் போட்டது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதிப்பகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பதிப்புரிமைச் சட்டம் நூலைப் பெருக்கவும் விற்கவும் உரிமை தருகிறது; ஒருமுறை விற்றுக் கைமாறிய பிரதி, அதன்பின் யாரிடம், என்ன விலைக்குப் போக வேண்டும் என்று ஓர் அறிவிப்பை அச்சிட்டுக் கட்டுப்படுத்தும் உரிமையைத் தரவில்லை. பதிப்பகத்துக்கும் கடைக்காரருக்கும் இடையே அப்படி ஓர் ஒப்பந்தமும் இல்லை. தீர்ப்பின் சாரம் இதுதான். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு மல்லுக்கட்ட முடியாது என்று நம் ஊரில் சொல்வதை அந்த நீதிபதிகள் தங்கள் மொழியில் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டே இந்தக் கொள்கை சட்டப் புத்தகத்தில் ஏறியது. இன்று நடப்பிலிருக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் 109ஆம் பிரிவாக நிற்கிறது. வழக்கறிஞர்கள் இதை முதல் விற்பனைக் கோட்பாடு என்பார்கள்.

எதிர்த்தரப்பு தன் வலுவான வாதத்தை எடுப்பது இங்கேதான். ‘அது விற்ற புத்தகம். மதிப்புரைப் பிரதியை யாரும் விற்கவே இல்லை. முதல் விற்பனையே நடக்காதபோது முதல் விற்பனைக் கோட்பாடு எங்கிருந்து வரும்?’ கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் கோட்பாட்டின் பெயரை வைத்துக்கொண்டு சட்டத்தைப் படிக்கக் கூடாது, சட்டத்தின் சொற்களை வைத்துத்தான் படிக்க வேண்டும். 109ஆம் பிரிவு ‘வாங்கியவர்’ என்று சொல்லவில்லை. முறையாக உருவான ஒரு பிரதியின் உடைமையாளர், பதிப்புரிமையாளரின் அனுமதி இல்லாமலே அந்தப் பிரதியை விற்கலாம், வேறு வழியில் கைவிடலாம் என்றுதான் சொல்கிறது. காசு கொடுத்து உடைமையாளர் ஆனாரா, கொடையாகப் பெற்று ஆனாரா, பாட்டி இறந்தபின் அலமாரியோடு வந்து ஆனாரா என்பது கேள்வியே இல்லை. உடைமை மாறியதா என்பது ஒன்றே கேள்வி.

அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை புத்தகத்தில் வரவில்லை, இசையில் வந்தது. யுனிவர்சல் இசை நிறுவனம் புதுப் பாடல்களின் சிடிக்களை விமர்சகர்களுக்கும் வானொலிக்காரர்களுக்கும் இலவசமாக அனுப்பிவந்தது. அவற்றின் மேலிருந்த வாசகத்தைப் பார்த்தால் புத்தக அட்டையின் பட்டை மிகச் சாதுவானதாகத் தோன்றும். இந்த சிடி நிறுவனத்தின் சொத்து, உங்கள் சொந்தப் பயனுக்கு மட்டும் உரிமம் தரப்படுகிறது, ஏற்றுக்கொண்டாலே நிபந்தனைகளுக்கு உடன்பட்டதாகப் பொருள், விற்பதோ கைமாற்றுவதோ கூடாது, மீறினால் தண்டனைக்கு உள்ளாகலாம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. டிராய் அகஸ்டோ என்பவர் இத்தகைய சிடிக்களைப் பழைய இசைக் கடைகளிலும் இணைய ஏலத்திலும் வாங்கி, ஈபேயில் விற்றுவந்தார். நிறுவனம் அவர்மேல் வழக்குத் தொடுத்தது. 2008இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தோற்றது. மேல்முறையீடு செய்து, 2011 ஜனவரியில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது.

ஏன் தோற்றது என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். நிறுவனம் இந்த சிடிக்களை யாரும் கேட்காமல் அனுப்பியது. பெற்றவர்கள் சம்மதித்ததாக எந்தக் கையெழுத்தும் இல்லை. எந்த சிடி எங்கே இருக்கிறது என்று அது பின்தொடரவில்லை, திருப்பித் தரச் சொல்லவுமில்லை. ஒருவர் வாய் திறக்காமல் இருந்ததை வைத்து அவர் ஒப்பந்தத்துக்கு உடன்பட்டார் என்று சொல்ல முடியாது. உறையின்மேல் ‘உரிமம்’ என்று எழுதினால் கொடுத்த பொருள் உரிமமாக மாறிவிடாது. நடந்தது உடைமை மாற்றம் என்று நீதிமன்றம் கண்டது. ‘விளம்பரத்துக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல’ என்ற சுருக்கமான வரி மட்டும் இருந்த சிடிக்களுக்கும் அதே முடிவுதான். கேட்காமல் தபாலில் வந்த சரக்கைப் பெற்றவர் கொடையாகக் கருதி, வைத்துக்கொள்ளலாம், எறியலாம், விரும்பியபடி கைவிடலாம் என்று அமெரிக்க அஞ்சல் சட்டம் 1970இலிருந்தே சொல்லிவருவதையும் நீதிமன்றம் தன் முடிவுக்குத் துணையாகக் காட்டியது.

‘சிடி’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘மதிப்புரைப் பிரதி’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ஒரு சொல்கூட இடறாது.

இதே நீதிமன்றம் நான்கு மாதங்களுக்கு முன், 2010 செப்டம்பரில், ஆட்டோடெஸ்க் வழக்கில் வேறு மாதிரித் தீர்ப்பளித்தது என்று எதிர்த்தரப்பு நினைவூட்டும். உண்மைதான். ஆட்டோகேட் மென்பொருளின் பழைய வட்டுகளை மறுவிற்பனை செய்தவர் அங்கே தோற்றார். ஆனால் அந்த நிறுவனம் வாடிக்கையாளரிடம் உரிம ஒப்பந்தம் போட்டிருந்தது. உடைமை தன்னுடையதே என்று அந்த ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டது. கைமாற்றத்தைத் தடுத்தது, பயன்பாட்டுக்கும் கடுமையான வரம்பு விதித்தது. மதிப்புரைப் பிரதியை அனுப்பும் பதிப்பகம் இவற்றில் எதைச் செய்கிறது? மாநாட்டு அரங்கில் மேசைமேல் குவித்துவைத்து, போகிற வருகிறவர்கள் பையில் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற பொருளை, பிறகு ‘இன்னும் எங்கள் சொத்து’ என்று சொல்ல எந்த வாயும் கூசும்.

நீதிமன்றங்களைவிட எனக்கு அதிகம் பிடித்த சாட்சி வருமான வரித் துறை. 1970இல் அமெரிக்க வரித்துறை ஒரு விதித் தீர்வு வெளியிட்டது. பதிப்பகங்கள் கேட்காமல் அனுப்பிய புத்தகங்களைப் பெற்ற ஒரு செய்தித்தாள் மதிப்புரையாளர் அவற்றை நூலகம் போன்ற ஓர் அமைப்புக்கு நன்கொடையாகக் கொடுத்து, அந்தத் தொகைக்கு வரிக் கழிவும் கேட்டால், அந்தப் புத்தகங்களின் மதிப்பை அவருடைய வருமானத்தில் சேர்க்க வேண்டும் என்பது தீர்வு. ஐந்தாண்டு கழித்து இதே விஷயம் நீதிமன்றத்துக்கு வந்தது. ஹேவர்லி என்பவர் சிகாகோவில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். பதிப்பகங்கள் அவருக்கு அனுப்பிய மாதிரிப் பாடநூல்களின் மதிப்பு ஏறத்தாழ 400 டாலர். அவற்றைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுக் கழிவு கேட்டார். ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975இல் அந்தத் தொகை அவருடைய வருமானம்தான் என்றது. அந்தப் புத்தகங்களைத் தன் முழு ஆளுகைக்குக் கீழே கொண்டுவந்து, தன்னுடையவை என்று கருதித்தான் அவர் தானம் செய்தார் என்பது காரணம்.

இன்னொருவர் சொத்தை வைத்திருப்பவனிடம் அரசு அதற்கு வருமான வரி கேட்காது. மதிப்புரைப் பிரதி பதிப்பகத்தின் சொத்து என்றால் அதைத் தானம் செய்த ஆசிரியர் செய்தது நம்பிக்கை மோசடி ஆகியிருக்கும், வருமானம் ஆகியிருக்காது. வரி கட்டும்போது உடைமையாளர், விற்கும்போது வெறும் காவல்காரர் என்று ஒரே ஆளை இரண்டாகப் பிளக்க முடியாது.

இந்தியச் சட்டத்தில் என்ன நிலை என்று இங்கே வாசிப்பவர்கள் கேட்பார்கள். நமக்கும் இது அந்நியமான சங்கதி இல்லை. நம் பத்திரிகைகள் மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்பச் சொல்வது நெடுநாள் வழக்கம். ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் பாடநூலில் ‘மாதிரிப் பிரதி, விற்பனைக்கு அல்ல’ என்று முத்திரை குத்துவதும் வழக்கம். நடைபாதைக் கடையில் அந்த முத்திரையோடு புத்தகம் வாங்காத மாணவர் அரிது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஏற்கெனவே புழக்கத்தில் இல்லாத பிரதிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையைப் பதிப்புரிமையாளருக்குத் தருகிறது. ஒருமுறை விற்கப்பட்ட பிரதி புழக்கத்தில் உள்ளதாகவே கருதப்படும் என்று ஒரு விளக்கமும் சேர்க்கிறது. இந்த ‘விற்கப்பட்ட’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, இலவசப் பிரதி புழக்கத்தில் இல்லை என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாசிப்பு தவறு என்பது என் கருத்து. விற்ற பிரதி புழக்கத்தில் உள்ளது என்று சட்டம் சொல்கிறதே தவிர, விற்ற பிரதி மட்டுமே புழக்கத்தில் உள்ளது என்று சொல்லவில்லை. பதிப்பகமே தன் கையால் ஊரெங்கும் அனுப்பிய பிரதியைப் புழக்கத்தில் இல்லாதது என்று எப்படிச் சொல்வது?

அதைவிடப் பழைய சட்டம் ஒன்று நமக்கு இன்னும் நேராகப் பதில் சொல்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி அசையும் பொருளைக் கொடையாகத் தர, கையில் கொடுத்தாலே போதும். அதன் 10ஆம் பிரிவோ, ஒரு சொத்தை மாற்றிக் கொடுக்கும்போது, பெற்றவர் அதை யாருக்கும் கொடுக்கவே கூடாது என்று முற்றிலும் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது. மாற்றம் நிற்கும், நிபந்தனை மட்டும் உதிரும். முத்திரை குத்துகிறவர்கள் இந்தப் பிரிவைப் படித்ததே இல்லையோ என்று எனக்குத் தோன்றும்.

இனி எழுத்தாளரின் மனக்குறை. இதை நான் லேசாகத் தள்ளவில்லை. மூன்று வருடம் உழைத்த நாவல், வெளிவந்த வாரத்திலேயே பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடப்பதைப் பார்க்கும் எழுத்தாளருக்கு வலிக்கும். ‘இதில் எனக்கு ஒரு காசு இல்லை’ என்று அவர் சொல்வது உண்மை. ஆனால் அந்தக் காசை எடுத்தது யார் என்பதில்தான் அவர் பிழை செய்கிறார். விளம்பரத்துக்காக இலவசமாக அனுப்பும் பிரதிகளுக்கு ராயல்டி கிடையாது என்று ஒரு பிரிவு பதிப்பக ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். அந்தப் பிரதிக்கான ராயல்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலேயே போய்விட்டது. பின்னால் அதை விற்ற மதிப்புரையாளர் எடுத்துக்கொள்ள அங்கே எதுவும் மீதமில்லை. எந்தப் பழைய புத்தகம் எந்தக் கடையில் விற்றாலும் எழுத்தாளருக்கு ராயல்டி வராது. அதற்காகப் பழைய புத்தகக் கடையே திருட்டு என்று சொல்ல எந்த எழுத்தாளரும் துணிய மாட்டார். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைகளில் படித்து வளர்ந்தவர்கள்.

மதிப்புரைக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் படித்து, இரண்டு நாள் எழுதி, கடைசியில் கைக்கு வருவது அற்பத் தொகை. பல இடங்களில் அதுவும் கிடையாது, புத்தகமே கூலி. லண்டனில் ஆண்டனி பர்ஜெஸ் மதிப்புரைக்கு வந்த நாவல்களைப் பெட்டிகளில் அடைத்துச் சுமந்துபோய் விற்று வந்ததை அவரே எழுதியிருக்கிறார். நியூயார்க்கில் 1927இல் தொடங்கிய ஸ்ட்ராண்ட் புத்தகக் கடை, மதிப்புரையாளர்கள் கொண்டுவந்த பிரதிகளைப் பாதி விலைக்கு விற்றே பெயர் பெற்றது. பதிப்பகங்களுக்கு இவை தெரியாமல் நடக்கவில்லை. அந்தக் கடையின் அடித்தளத்தில் தங்கள் புத்தகங்கள் அடுக்கியிருப்பதைப் பதிப்பாசிரியர்கள் நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்தில்தான் அவர்களுடைய அலுவலகங்கள் இருந்தன. பல பத்தாண்டுகளாக எழுத்துக்கூலியின் ஒரு பகுதியை இப்படித்தான் அந்தத் தொழில் கொடுத்துவந்தது.

ஓர் இடத்தில் மட்டும் எதிர்த்தரப்போடு நான் உடன்படுகிறேன். வெளியீட்டு நாளுக்கு முன்னால் விற்பது தவறு. வாசகருக்கு முடிவுறாத பிரதி முதலில் போய்ச் சேர்கிறது. நூல் பேசப்பட வேண்டிய நாளுக்கு முன்பே அதன் ரகசியம் சந்தைக்கு வருகிறது. அனுப்பியவர் நம்பிக்கை வைத்தார் என்பதை அறிந்தவர் அந்த நாள் வரை காத்திருக்க வேண்டும். விற்கும்போது இது திருத்தப்படாத மெய்ப்பு என்பதை மறைப்பதும் வாங்குபவரை ஏமாற்றுவது. பிரதி எடுத்தும் படம் பிடித்தும் பரப்புவது பதிப்புரிமை மீறலேதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் இவையெல்லாம் எப்படி விற்பது என்பது பற்றிய கடமைகள். விற்கவே கூடாது என்ற முடிவுக்கு இவற்றிலிருந்து பாதை இல்லை.

வெளியீட்டு நாளைக் காக்கப் பதிப்பகத்துக்கு வழியும் இருக்கிறது. பிரதியில் எண் போடலாம், பெறுபவரிடம் கையெழுத்து வாங்கலாம், திரும்பி வர அஞ்சல்தலை ஒட்டிய உறையையும் வைக்கலாம். 2007இல் கடைசி ஹாரி பாட்டர் நூலைக் குறித்த நாளுக்கு முன்பே அனுப்பிவிட்ட விற்பனையாளர்கள்மீது ஸ்காலஸ்டிக் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அவர்களோடு அதற்கு ஒப்பந்தம் இருந்தது, அதனால் கேட்க உரிமையும் இருந்தது. உண்மையிலேயே பிரதி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர் அப்படித்தான் நடந்துகொள்வார். அந்தச் செலவையும் சிரமத்தையும் ஏற்காமல், ஆயிரக்கணக்கில் அள்ளி வீசி அதன் விளம்பரப் பயனை முழுக்க அனுபவித்துவிட்டு, அட்டையில் ஒரு வரியை மட்டும் அச்சிட்டு உடைமையையும் வைத்துக்கொள்ளப் பார்ப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

‘அமேசானே இவற்றை விற்க விடுவதில்லையே’ என்பார்கள். தன் சந்தையில் என்ன விற்கலாம் என்று ஒரு வணிக நிறுவனம் வகுத்துக்கொள்ளும் விதி அதன் வீட்டு விதி. அதை மீறினால் கணக்கை முடக்கலாம், சிறைக்கு அனுப்ப முடியாது. 2008இலிருந்து அமேசானுக்குச் சொந்தமாயிருக்கும் ஏப்புக்ஸ் தளத்தில் திருத்தப்படாத மெய்ப்புகளை அரிய நூல் வியாபாரிகள் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் காகிதத்துக்கு. மதிப்புரைப் பிரதிகள் வேகமாகக் கோப்புகளாக மாறிவருகின்றன. நெட்கேலி போன்ற தளங்களில் மதிப்புரையாளர் விண்ணப்பிக்கிறார், நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார், கோப்பு இறங்குகிறது, குறித்த காலம் முடிந்ததும் திறக்க மறுக்கிறது. இங்கே அவர் உடைமையாளர் அல்ல. வாங்கிய இசைக்கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி நிறுவனம் 2018இல் இரண்டாம் வட்டார நீதிமன்றத்தில் தோற்றது, ஏனென்றால் கோப்பைக் கைமாற்றுவது என்பதே புதிய பிரதி ஒன்றை உருவாக்குவது என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றமும் மின்னூல்கள் பற்றி ஏறக்குறைய இதே திசையில் முடிவு செய்தது. அட்டையில் அச்சிட்ட வரியால் 1908 முதல் சாதிக்க முடியாததை ஒரு பொத்தான் சாதித்துவிட்டது. காகிதப் பிரதியை விற்பவரைத் திருடர் என்று ஏசும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, இந்த மாற்றத்துக்குத்தான் துணை போகிறார்கள்.

இதில் போகப்போவது என்ன என்பதற்கு ஒரே ஒரு பொருளைக் காட்டுகிறேன். 1997இல் ப்ளூம்ஸ்பெரி பதிப்பகம் முதல் ஹாரி பாட்டர் நூலின் திருத்தப்படாத மெய்ப்பை 200 பிரதிகள் அச்சிட்டு அனுப்பியது. அப்போது அந்த எழுத்தாளரை யாருக்கும் தெரியாது. பதிப்பகத்துக்கே சரியாகத் தெரியவில்லை. தலைப்புப் பக்கத்தில் ஜே. கே. ரௌலிங் என்பதற்குப் பதில் ஜே. ஏ. ரௌலிங் என்று அச்சாகியிருந்தது. பெற்றவர்களில் சிலர் வைத்துக்கொண்டார்கள், சிலர் கொடுத்தார்கள், சிலர் விற்றார்கள். அதனால்தான் அந்தப் பிழையோடு சில பிரதிகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் பத்திரமாக இருக்கின்றன. இன்று அதே பிழை ஒரு கோப்பில் நேர்ந்திருந்தால், யாரோ ஒருவர் மறுநாள் காலையில் தளத்தில் இருக்கும் கோப்பை மாற்றியிருப்பார், முந்தையது எல்லார் கருவியிலும் சில வாரத்தில் தானே மூடிக்கொண்டிருக்கும்.